மூணு எண்ணுகிற நேரம்

கை தட்டல் சுவரைத் தாண்டி வந்து மைனாவதியின் முதுகில் விழுந்தது. அறுநூறு பேர் சேர்ந்து தட்டினால் அது கை தட்டல் மாதிரியே இருப்பதில்லை, யாரையோ நடுவில் நிறுத்தி ஆள் மாற்றி ஆள் அறைகிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. மேடையில் நின்று வாங்கும்போது இது தெரியாது. அங்கே அது மழை. இங்கே, ஈரோட்டுக் கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, ஒவ்வொன்றும் தோலில் தோல் மோதுகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷம் சொந்தக் கன்னத்திலிருந்தே கேட்டது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதன் விளிம்பு முழுக்க, இதற்கு முன்னால் இங்கே உட்கார்ந்து அலங்காரம் செய்துகொண்ட பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பிலும் கருஞ்சிவப்பிலும், யாரோ அந்தக் கண்ணாடியில் நெற்றியை மோதிவிட்டுப் போன மாதிரி. நடுவில் அவள். நீலப் பட்டு, தோளில் கோல்டு லெவல் பின். இன்னும் அரைமணி நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு டயமண்டு பின் குத்துவார்கள். அதற்கு முன்னால் அவள் தன் கதையைச் சொல்ல வேண்டும். வெளியே மைக்கில் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவர், மோட்டார் மெக்கானிக், தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூச்சி மருந்து பாட்டிலைத் திறந்த இடத்துக்கு வந்துவிட்டார். அவர் எப்போதும் அந்த இடத்தில் கொஞ்சம் அவசரப்படுவார். மூடியைத் திருகினேன் என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டாமோ, உடனே குடித்துவிட்டால் சனம் எப்போது பதறும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்த பிறகுதான், தான் நினைத்தது என்ன என்று புரிந்தது.

ஆள் சேர்த்துச் சத்துப் பவுடர் விற்கிற இந்தத் தொழிலில் டப்பாவை யாரும் விற்பதில்லை, கதையைத்தான் விற்கிறார்கள். சேர்ந்த முதல் மாசமே அதைச் சொல்லிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கதை, ஏழு நிமிஷம். நாலு நிமிஷம் இருட்டு, மூணு நிமிஷம் வெளிச்சம். இருட்டு எவ்வளவு கறுப்போ வெளிச்சம் அவ்வளவு வெளுப்பு, அதற்குத் தக்க ஆள் சேரும். சேர்கிறவர்கள் நமக்குக் கீழே, நம்மைச் சேர்த்தவர் நமக்கு மேலே. மைனாவதிக்கு மேலே இருப்பவர் குணசீலன் சார். அவளுக்குக் கீழே இன்றைய தேதிக்கு முந்நூற்றுச் சொச்சம் பேர், அதில் பாதிப்பேர் அவள் கதையைக் கேட்டு அழுதுகொண்டே கையெழுத்துப் போட்ட பெண்கள். பவானி, காங்கேயம், தாராபுரம், திருச்செங்கோடு என்று நூற்று நாற்பது மேடையில் அதைச் சொல்லியிருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எந்த வரியில் குரல் இறங்கும், எங்கே முந்தானை கண்ணுக்குப் போகும், எங்கே கரண்டி வரும். கரண்டி வருவதற்கு முன்னால் நிற்க வேண்டும். அதுவும் குணசீலன் சார் கற்றுக்கொடுத்ததுதான். "சட்டுனு சொல்லீராதீங்க மேடம். பழுக்கக் காஞ்ச தோசைக் கரண்டி, ஒம்போது வயசுப் பச்சப் புள்ள, அப்படீன்னு நிறுத்துங்க. மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பறம் கைய நீட்டி, அவரு அப்படீன்னு ஒரே வார்த்த. அந்த மூணுலதான் சனம் விழுகும்." விழுந்தது. ஒவ்வொரு ஊரிலும் விழுந்தது. கைக்குட்டை எடுக்கிற சத்தம்கூடக் கேட்கும். நூற்று நாற்பது தரம் அவள் மூணு எண்ணியிருக்கிறாள், ஒரு தரமும் இன்றைக்குப் போல அதை எண்ணப் பயந்ததில்லை. ஏனென்றால் அந்த 'அவரு' இன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கதவிடுக்கில் பார்த்தாள். வெள்ளியங்கிரி, அவள் புருஷன். கல்யாணத்துக்கு எடுத்தது போல மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மடியில் சாப்பாட்டுத் தூக்கு. டயர் ரீட்ரேடிங் பட்டறையில் இருபது வருஷம் ரப்பர் சுரண்டிய நகங்களில் கறுப்பு போகாது, அதனால் கையைத் தூக்குக்கு அடியில் மறைத்து வைத்திருக்கிறார். எல்லோரும் தட்டும்போது மட்டும் வெளியே எடுத்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மறைத்துக்கொள்கிறார். அந்தக் கை. அந்தக் கையில் ஒரு முழ நீளத்துக்கு டயர் ட்யூப் பட்டை இருக்கும் அப்போதெல்லாம். குடித்துவிட்டு அடிக்கிறவராக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம், இவர் குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிதானமாக அடிப்பார். குழம்பில் உப்புக்கு ஒன்று, தாமதத்துக்கு ஒன்று, வாய் திறக்காததற்கு மூணு. "ஏன்டி, வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்றி. சொல்லு." அவளுக்குச் சொல்ல வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், கடையில்கூட விரலைக் காட்டித்தான் சாமான் வாங்குவாள், பேச்சு தொண்டையில் வந்து நின்று திரும்பிப் போய்விடும். ஒரு தரம் துவைக்கிற கல்லில் தலையை வைத்து அழுத்தினார், கடைவாய்ப் பல் ஆடியது, அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பத்து நாள் வைத்திருந்து கடைசியில் சோற்றோடு விழுங்கிவிட்டாள். அவரைக் கொல்லுவதாக எத்தனை தரம் நினைத்திருக்கிறாள். அம்மிக் குழவியைத் தூக்கி, தூங்குகிற நெற்றியில், ஒரே போடு. குழவியின் கனம்கூடக் கைக்குத் தெரியும், தேங்காய் உடைகிற சத்தம்தான் வரும் என்றும் தெரியும். இதெல்லாம் நிஜம். இதில் ஒரு பொய் இல்லை. ஆனால் இதெல்லாம் சொன்ன அன்றைக்கு, அதாவது பவானியில் அவள் முதன்முதலாக மைக் பிடித்த அன்றைக்கு, கூட்டம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் கொட்டாவிகூட விட்டாள்.

கதவு திறந்தது. சட்டென்று தோள் ஒடுங்கியது அவளுக்கு, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கதவு திறந்தால் தோள்தான் முதலில் ஒடுங்குகிறது. வந்தது மிருதுளா. பதினாலு வயசு, அம்மாவை விட நாலு விரல் உயரம். ஒரு கையில் காகிதக் கப்பில் டீ, இன்னொரு கையில் ஊக்கு. முழுக்கைச் சுடிதார். இந்தப் பெண் ஐந்து வருஷமாக அரைக்கை போட்டதில்லை.

"ஏம்மா, முந்தி நழுவுது பாரு. நில்லு, குத்தி உடறேன். டயமண்டு மேடம் மேடையில சேலைய உட்டுட்டாங்கன்னு நாளைக்கு குரூப்ல வீடியோ வரும்."

"மெதுவாக் குத்து கண்ணு."

"நான் எப்பம்மா வேகமாக் குத்துனேன்." ஊக்கு உள்ளே போகும்போது நுனி தோலில் பட்டது. மைனாவதி பல்லைக் கடித்தாள். வேண்டுமென்று குத்தினாளா, தெரியாமல் பட்டதா? கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தாள், அது ஊக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏம்மா, உனக்கொண்ணு தெரியுமா? நீ அழுகும்போது எடது கண்ணுலதான் மொதத் தண்ணி வரும். அப்பறம்தான் வலது. எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"எல்லா ஊர்லயுமா? நீ எங்கடி பாத்தே?"

"ஃபோன்ல. குணசீலன் அங்கிள் எல்லா வீடியோவும் போடறாரே. எங்க கிளாஸ்ல பாதிப்பேரு பாத்திருக்காங்க." டீயை நீட்டினாள். "எனக்கு முழுசும் மனப்பாடம். வேண்ணா இன்னைக்கு நான் சொல்லட்டுமா, நீ பாட்டுக்கு உக்காந்து பின் வாங்கிக்க." சிரித்தாள். சிரிப்பில் ஒன்றும் இல்லை, அதாவது கெட்டது ஒன்றும் இல்லை, நல்லதும் இல்லை, ஊக்கு டப்பாவை மூடுகிற மாதிரி ஒரு சிரிப்பு. "அப்பாவுக்குப் பசிக்குதாம். தூக்கத் தொறக்கட்டுமான்னு கேக்கறாரு. முன் வரிசையில உக்காந்து சாப்படக் கூடாதுப்பான்னு சொல்லிட்டு வந்தேன்." போய்விட்டாள்.

முழுசும் மனப்பாடம். அந்த இரண்டு வார்த்தையும் அறைக்குள் நின்றன. வீடியோ குரூப்புக்குள்ளே மட்டும்தான் சுற்றும் என்று நினைத்திருந்தாளா, இல்லை, அப்படியெல்லாம் யாரும் நினைக்க முடியாது, நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். எப்போது பார்த்திருப்பாள்? பத்து வயசிலா? பக்கத்தில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு, அம்மா கையை நீட்டி 'அவரு' என்று சொல்வதையும், கூட்டமே உச்சுக் கொட்டுவதையும் பார்த்துவிட்டு, காலையில் எழுந்து அதே அம்மாவிடம் தலையைப் பின்னக் கொடுத்தாளா? ஒரு தரமாவது கேட்டிருக்கலாமே, ஏம்மா பொய் சொல்றே என்று. கேட்டிருந்தால் அடித்திருப்பேனோ? டீக் கப்பைக் கீழே வைக்கப் போனாள். கொதிக்கிற டீ இரண்டு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது. சூடு. இவ்வளவு சின்னச் சூட்டுக்கே உடம்பு இப்படித் துள்ளுகிறதே. அன்றைக்கு அந்தக் கரண்டி கல்லின் மேலே எவ்வளவு நேரம் கிடந்தது? ஐந்து தோசை நேரமாவது இருக்கும்.

அது ஒரு சனிக்கிழமை காலை. அன்று மத்தியானம் மைனாவதியின் வீட்டில் முதல் மீட்டிங், தெருப்பெண்கள் எட்டுப் பேர் வருவதாக இருந்தது. தொழிலில் சேர்ந்ததும் ஒரு நோட்டு கொடுத்து நூறு பேர் பட்டியல் எழுதச் சொல்லுவார்கள், தெரிந்தவர் பெயரெல்லாம். 'நோ' சொன்னவர்கள் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டும், மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது. மற்றவர்கள் அதை ஒரு ராத்திரியில் எழுதிவிடுவார்கள். வாய் திறக்காமல் முப்பத்தோரு வயசு வரை வாழ்ந்த ஒருத்திக்கு நூறு பேரை எங்கிருந்து கொண்டுவருவது? சொந்தம், தெரு, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள், பிரசவம் பார்த்த நர்ஸ் என்று தோண்டித் தோண்டி எடுத்து, பதினெட்டு நாளில் அறுபத்தொன்று சேர்த்திருந்தாள். ஒவ்வொரு பெயரையும் முத்து முத்தாக எழுதி, அதைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு அறுபத்தொரு பேரைத் தெரியும் என்று உள்ளே ஏதோ நிமிரும். அன்றைக்குத் தோசை வார்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் மிருதுளா நோட்டின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா. அறுபத்தொரு பெயரும் அடிபட்டுக் கிடந்தது. கோடு என்றால் சாதாரணக் கோடு இல்லை, அளவுகோல் வைத்து, ஒன்றையும் விடாமல். "அம்மா, நான் அல்லாத்துக்கும் நோ போட்டுட்டேன்! உன்னய யாருக்குமே புடிக்காதுன்னு அப்பா சொல்லுச்சு. அதான், நீ போயிக் கேட்டு அழுக வேண்டாம்னு." ஒன்பது வயசுக் குழந்தை, அம்மாவுக்கு உதவி செய்துவிட்ட பெருமையில் பல் தெரியச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான். அந்தப் பல்தான். கை தானாகக் கல்லுக்குப் போனது, கரண்டியை எடுத்தது. எடுத்ததும், வீசியதும், அது போய் ஒட்டியதும் ஒரே நொடிதான் என்று நூறு தரம் தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள். ஒரே நொடியில்லை. ஒட்டிய பிறகும் அழுத்தினாள். அழுத்தியபோது சத்தம் வந்தது, தோசையைத் திருப்பிப் போட்டால் வருமே அந்தச் சத்தம், வாசனையும் வந்தது. குழந்தை இன்னொரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அம்மா வேண்டாம்மா, அம்மா வேண்டாம்மா" என்றது. அதற்கு மேலே இவள் குரல். தெருவே கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து, கணீரென்று ஒரு குரல். அது யாருடையது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் தொண்டையில் வந்து வந்து திரும்பிப்போன பேச்சு முழுவதும் அன்றைக்கு வெளியே வந்தது, ஒரு குழந்தையின் தோலைக் கிழித்துக்கொண்டு. குணசீலன் சார்தான் தனக்குக் குரல் கொடுத்தார் என்று எல்லா மேடையிலும் நன்றி சொல்கிறாள். குரல் அங்கே பிறக்கவில்லை. மேடையில் மைக்கைப் பிடித்து 'குட் மார்னிங் சாம்பியன்ஸ்' என்று அவள் எடுக்கிற அந்த முதல் ஓசை இருக்கிறதே, கூட்டமே நிமிர்ந்து உட்காருமே, அது அந்த அடுப்படிக் குரல்தான்.

வெள்ளியங்கிரி பட்டறையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் பிள்ளையின் கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடிப்பார் என்று சுவரோடு சுவராக நின்றாள். அடிக்கட்டும், இன்றைக்குக் கொன்றே போடட்டும் என்று தலையைக்கூடக் குனிந்து கொடுத்தாள். அவர் அடிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னாலேயே ஓடியவள் காதில் விழுந்தது, டாக்டரிடம் அவர் சொன்னது. "அடுப்புல சாஞ்சிருச்சுங்க. நாங்க பாக்கல." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருஷம் அடித்த மனுஷன் அன்றைக்கு அடிக்காமல் விட்டதுதான் அவளுக்கு விழுந்ததிலேயே பெரிய அடி. அதை மன்னிக்கவே முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, பவானி மேடையிலிருந்து இறங்கி ஒன்றும் எடுபடாமல் நின்றபோது, வாசலில் ஒரு அம்மா மிருதுளாவின் கட்டுப்போட்ட கையைக் காட்டி "ஐயோ, பாப்பாக் கையில என்னங்க?" என்று கேட்க, இவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வழுக்கி விழுந்தது. "அவரு." வாக்கியம்கூட இல்லை. அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சுற்றி நின்ற பத்துப் பேரும் உச்சுக் கொட்டினார்கள். பிள்ளை அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? ஐஸ் வண்டியை என்றுதான் ஞாபகம். ஐஸ் வண்டியைத்தான். குணசீலன் சார் தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "மேடம், அடி ஒத வாங்காத வீடு எங்கிருக்குது? அதையே சொன்னா யாரு கேப்பா? இதாங்க உங்க கதை."

வளர்ந்தாள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. பேங்க்கில் மேனேஜர் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள், ஸ்கூட்டர் ஓட்டினாள், ஐந்நூறு பேரைச் சிரிக்கவைத்தாள். ஒரு நாள் அவர் ட்யூப் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தபோது மேடைக் குரலில், "வெள்ளியங்கிரி, உக்காருங்க!" என்றாள், மனுஷன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்த பிறகுதான் எதற்கு உட்கார்ந்தோம் என்று திகைத்தார். அன்றோடு பட்டை ஆணியிலேயே தொங்கியது. இப்போது அவர்தான் டப்பாக்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்ப் போடுகிறார். மேடையில் அவள் என்ன பேசுகிறாள் என்று கேட்டதே இல்லை. சாதா ஃபோன் வைத்திருக்கிற ஆள். பட்டறை, வீடு, டப்பா. கூட்டம் அவரை இதுவரை பார்த்ததில்லை, ஆனால் ஐந்து வருஷமாகத் தெரியும், கதையில் தெரியும். காங்கேயத்தில் கூட்டம் முடிந்ததும் ஜிம் உடம்புக்காரன் ஒருவன் கண்ணெல்லாம் சிவக்க வந்து நின்றான். "அக்கா, அந்தாளு எங்க இருப்பான்னு மட்டும் சொல்லுங்க. கைய எடுத்துர்றேன். எந்தக் கையில கரண்டி புடிச்சான், அது மட்டும் சொல்லுங்க." அப்போது அவன் தலையைத் தடவிக்கொடுத்து, அதெல்லாம் வேண்டாம் தம்பி என்று சொல்லும்போது உள்ளே தித்தித்தது. அவன் இன்றைக்குச் சிவப்பு வாலண்டியர் பேட்ஜ் குத்திக்கொண்டு முன் வரிசைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். வெள்ளியங்கிரிக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான், சற்று முன்னால். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

"ரெடிங்களா மேடம்?" குணசீலன் சார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கோட், சென்ட் வாசனை. "அடுத்தது நீங்கதான். உங்க வீட்டுக்காரரயும் பாப்பாவயும் நானே ஃபோன் பண்ணி வரச் சொல்லீட்டேன், பாத்தீங்கல்ல, சர்ப்ரைஸ். கதை முடிஞ்சதும் அவரக் கூப்படறோம். பாப்பாக் கையப் புடிச்சிட்டு ஒரே ஒரு மன்னிப்பு. அவ்ளோதான். மண்டபமே எந்திரிச்சு நிக்கும்."

"சார், அவருகிட்டச் சொன்னீங்களா, என்னத்துக்கு மன்னிப்புன்னு?"

"மேடைக்கு வரணும்னு மட்டும் சொன்னேன். வர்றேனுங்கன்னாரு. நல்ல மனுஷரா மாறீட்டாருங்க மேடம், எல்லாம் உங்களாலதான்."

"இன்னைக்கு அந்தக் கரண்டிய உட்டறனுங்க சார்."

குணசீலன் சார் சிரித்தார். "கரண்டிய உட்டா உங்க கதையில அப்பறம் என்னங்க இருக்குது? நானூறு பேரு புதுசு மேடம். உங்களுக்காக வந்திருக்காங்க."

"அவரு முன்னாடியே உக்காந்திருக்காரு சார். அந்தக் காங்கேயத்துப் பையன்..."

"சனம் அடிச்சிரும்னு பயப்படறீங்களா? அட, கொஞ்சம் சத்தம் போடுவாங்க. நானிருக்கறேன்." வெளியே பேர் கூப்பிட்டுவிட்டார்கள். மறுபடி அந்தக் கை தட்டல் அறைகள், சுவரைத் தாண்டி, முதுகில். எழுந்தாள். கண்ணாடியில் பொட்டுகளுக்கு நடுவே ஒரு நீலப்பட்டு எழுந்தது. நான்தான் என்று சொல்லிவிட்டால்? ஒரு வார்த்தை. 'அவரு' எவ்வளவு நீளமோ 'நான்' அதைவிடச் சின்னது. சொன்னால் அந்த அறுநூறு பேரும் என்ன செய்வார்கள், மேடையேறி மயிரைப் பிடித்து இழுப்பார்களா, செருப்பு வருமா, கீழே சேர்ந்த அந்தப் பெண்களெல்லாம் திரும்பவும் வாய் பேசாத வீட்டுக்கே போய்விடுவார்களா? இல்லை, அதுகூட இல்லை, குரல் போய்விடும். அதுதான் பயம். அந்தக் குரலின் பிறப்பைச் சொல்லிவிட்டால் அது மறுபடி தொண்டைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், மறுபடி கடையில் விரலைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் அவரை அடிப்பார்கள். அடிக்கட்டுமே. வாங்கட்டுமே. துவைக்கிற கல்லுக்கு, பல்லுக்கு. கணக்கு எப்படியோ நேராகிறதென்றால் ஆகட்டுமே. ஆனால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

படி ஐந்து. விளக்கு முகத்தில் அடித்தது. மைக் சில்லென்று உள்ளங்கையில் வந்து உட்கார்ந்ததும், அவள் கேட்காமலே அது வந்தது, அடிவயிற்றிலிருந்து. "குட் மார்னிங் சாம்பியன்ஸ்!" மண்டபம் நிமிர்ந்தது. வெள்ளியங்கிரியும் நிமிர்ந்தார், வாய் லேசாகத் திறந்து, தன் வீட்டுக்காரி குரலுக்கு இத்தனை பேர் நிமிர்கிறார்களா என்று பக்கத்துச் சீட்டுக்காரரைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். கதை தானாக ஓடியது, அவள் அதன் பின்னால் ஓடினாள். ஊமை மாதிரி வளர்ந்தது. கல்யாணம். பட்டை. பட்டை என்ற இடத்தில் அவர் தலை குனிந்தது, நகங்களைத் தூக்குக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார், ஆனால் எழுந்து போகவில்லை, உண்மைதானே என்று உட்கார்ந்திருந்தார். கல். பல். இடது கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்கு மேல் போகாதே. இங்கேயே வெளிச்சத்துக்குத் திரும்பிவிடு, மூணு நிமிஷ வெளிச்சம், பின், கைகுலுக்கல், வீடு. "பழுக்கக் காஞ்ச தோசைக் கரண்டி" என்று வாய் சொன்னது. "ஒம்போது வயசுப் பச்சப் புள்ள." நின்றாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு என்றும் எண்ணினாள், ஐந்து என்றும் எண்ணினாள், வெள்ளியங்கிரி தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. வேண்டாம், சொல்லாதே, பேர் கெட்டுவிடும் என்பது போல மெல்லத் தலையை ஆட்டினார். தன்னைத்தான் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று தெரியாமல், அவள் அவளையே காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்து. அதைப் பார்த்ததும் வார்த்தை வந்தது, நின்றது, திரும்பிப் போனது. கூட்டம் அதை அழுகையென்று நினைத்துத் தட்டியது. "மேடத்தால முடியல!" என்று குணசீலன் சார் இன்னொரு மைக்கில் உருகினார். "அஞ்சு வருஷமா நீங்க கேட்ட அந்தப் பாப்பா இங்கதான் இருக்குது. பாப்பாவே சொல்லட்டுமே. வா கண்ணு." மிருதுளா எப்போது படியேறினாள் என்று தெரியவில்லை. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை வாங்கிக்கொண்டாள். முழுக்கையை முழங்கை வரை சுருட்டினாள். இடது கையில், நாலு விரல் அகலத்துக்கு, பளபளவென்று, கரண்டியின் முனை வளைவுகூட அப்படியே. மண்டபம் மூச்சை இழுத்தது.

"பழுக்கக் காஞ்ச தோசைக் கரண்டி," என்றாள் மிருதுளா, அம்மா இறக்குகிற இடத்தில் குரலை இறக்கி. "ஒம்போது வயசுப் பச்சப் புள்ள." நின்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒண்ணு. பார்த்துக்கொண்டே இருந்தாள். மைக் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது, ஒரு சாண் தூரத்தில். சொல்லு என்றுதான் அந்தக் கண் சொன்னது, வேறெதுவும் சொல்லவில்லை. ரெண்டு. இவ்வளவு பெரிய நேரமா இது, இதற்குள் ஒரு ஜென்மம் வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறதே, இதற்குள் நான் என்று ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் சொல்ல முடியாதா. உதடு திறந்தது. காற்று வந்தது. மூணு. மிருதுளா கையை நீட்டினாள், அம்மா நீட்டுகிற அதே கோணத்தில், முன் வரிசையை நோக்கி. "அவரு."

முதலில் தூக்குதான் விழுந்தது. சாம்பார் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. காங்கேயத்துக்காரனின் முதல் குத்து வாயில், இரண்டாவது எங்கே என்று தெரியவில்லை, அதற்குள் நாற்காலிகள் சரிந்து பத்திருபது முதுகுகள் குனிந்துவிட்டன. பெண்களும்தான், அவளுக்குக் கீழே சேர்ந்த பெண்கள், தங்கள் வீட்டில் அடிக்க முடியாதவனையெல்லாம் சேர்த்து இங்கே அடித்தார்கள். "எந்தக் கைடா? எந்தக் கை?" எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம். முதுகுகளுக்கு நடுவே ஒரு நொடி அவர் முகம் தெரிந்தது, வாயெல்லாம் ரத்தம், அவர் நானில்லை என்று சொல்லவே இல்லை, கையைக்கூடத் தூக்கவில்லை, மேடையைத்தான் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "உடுங்க!" என்று மைனாவதி கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். மைக் இல்லாத அந்தக் குரல் பழைய குரலாக இருந்தது, கடைக்குப் போனால் விரலைக் காட்டுகிறவளின் குரல், பக்கத்தில் நிற்கிற குணசீலன் சாருக்கே கேட்காத குரல். மைக். மைக் வேண்டும். மைக் இருந்தால் ஒரே சொல்லில் நிறுத்திவிடுவாள், அறுநூறு பேரையும் உட்காரவைத்துவிடுவாள், சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள், சத்தியமாக. பாய்ந்து மகளின் பக்கம் திரும்பி, அதைப் பிடுங்க வலது கையை ஓங்கினாள்.

மிருதுளா குறுகினாள். தழும்புக் கை தானாக முகத்துக்கு முன்னால் போனது. மைக் இன்னொரு கையில், வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அம்மா வேண்டாம்மா."

எட்டு ஸ்பீக்கரிலும் அது கேட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. பதினாலு வயசுக் குரல் இல்லை அது. ஒன்பது வயசுக் குரல். அடித்துக்கொண்டிருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தன. காங்கேயத்துக்காரன் ஓங்கிய கையோடு நின்று, மேடையில் ஓங்கியிருந்த இன்னொரு கையைப் பார்த்தான். அந்தக் கையை எப்படி இறக்குவது என்று மைனாவதிக்குத் தெரியவில்லை. ஒண்ணு, என்று உள்ளே ஏதோ எண்ண ஆரம்பித்தது. கடைசி வரிசையில் யாரோ ஒருவர், பழக்க தோஷத்தில், இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.